பால் குடித்தால் பூச்சிமருந்து விஷம் முறியாது

"மாலத்தியான் மேலே பட்டால் பயப்பட வேண்டாம், ஒரு டம்ளர் பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும். வாடை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மாலத்தியான் ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிக்கொல்லி. நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் அசிடைல்கோலின்; செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடைக்கும் நொதியை இது முடக்கிவிடும். உடைபடாத அசிடைல்கோலின் சேரச் சேர எச்சில் ஊறும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், மூச்சு திணறும். பாலுக்கும் அந்த நொதிக்கும் சம்பந்தமே இல்லை. அட்ரோபின், பிராலிடாக்சைம் இவைதான் மருத்துவமனையில் தரப்படுபவை.

பூண்டு போன்ற அந்த வாடை அடங்கினாலும் துணியிலும் தோலிலும் மருந்து தங்கியிருக்கலாம். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். துணியைக் கழற்றி, தோலைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, மாலத்தியான் வீரியம் குறைந்ததுதானே? உலக சுகாதார நிறுவனத்தின் அபாயப் பட்டியலில் அது மூன்றாம் வகுப்புதான், அதாவது சற்றே அபாயமானது; பாராத்தியான் என்ற பூச்சிக்கொல்லி அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்தவர்களில் சுமார் 2,800 பேர் விஷத்தால் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மருந்தில் உருவாகியிருந்த ஐசோமாலத்தியான் என்ற மாசுதான் முக்கியக் காரணம்.

சந்தேகமிருந்தால் டப்பாவின் லேபிளில் முதலுதவிப் பகுதியைப் படியுங்கள். அந்தச் செய்தி வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.