“பரிசே இல்ல, சும்மா”

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பெரியவர்களுக்குள் பரிசு கிடையாது என்று முடிவெடுத்தது யார்? எல்லோரும்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி எடுத்த முடிவு. பிள்ளைகளுக்கு மட்டும். அதுவும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பிள்ளை. இவ்வளவு தொகைக்கு மேல் போகக் கூடாது. முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கியது அண்ணி.

நேற்று ராத்திரி வாசல் மணி அடித்தது. அதே அண்ணி.

தோளில் ஒரு பை, இரண்டு கையிலும் பை. பின்னால் அண்ணன், முகத்தையே மறைக்கிற உயரத்துக்கு ஒரு பெட்டியோடு. பெட்டிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் ‘என்னை எதுவும் கேட்காதே’ என்றது.

“அய்யோ, இதெல்லாம் பரிசே இல்ல. சும்மா கடைப் பக்கம் போனேன், பார்த்தேன், பிடிச்சுது.”

சரி, பார்த்தார். என் பெயர் பொறித்த காபிக் கோப்பையை எந்தக் கடையில் தற்செயலாகப் பார்த்தார்? என் கணவர் பெயரின் முதலெழுத்தைத் தையல் போட்ட துண்டு எந்த அலமாரியில் இவருக்காகக் காத்துக்கொண்டு இருந்தது? ஒவ்வொன்றுக்கும் ரிப்பன், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய பெயர் அட்டை. பிறகு விநியோகம் தொடங்கியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிரிக்கச் சொல்லி, பிரிக்கும்போது முகத்தைப் பார்த்து, “பிடிச்சிருக்கா? நிஜமா?” என்று கேட்டு, அடுத்த ஆள். விலைச்சீட்டைக் கிழித்திருந்தார், நான் மறுக்கவில்லை. பாதியைத்தான் கிழித்திருந்தார். மீதிப் பாதியில் எத்தனை இலக்கம் என்பது தெளிவாகத் தெரிந்தது.

எல்லாம் பிரித்து முடிந்து ஒரு மௌனம் வந்தது பாருங்கள், அதைத் தாங்க முடியாமல் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். “உங்களுக்கும் எடுத்து வெச்சிருக்கோம் அண்ணி. இன்னும் பேக் பண்ணல.”

எங்கே எடுத்து வைத்திருக்கிறோம்? எந்த அறையில்? சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார், நான்தான் அதை எங்கோ ஒளித்து வைத்த மாதிரி.

ஆக, மூடப் போகிற கடைக்கு ஓட்டம். உள்ளே எங்களைப் போலவே கண்கள் சிவந்த ஒரு கூட்டம். எல்லோர் வீட்டுக்கும் ஒரு அண்ணி வந்திருக்கிறார். யாரும் சீண்டாத வாசனை மெழுகுவர்த்திகள் மட்டும் மிச்சம். கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். மாசக் கடைசியில் மொத்தத்தையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், அந்த மெழுகுவர்த்திக்கு வட்டியும் சேர்த்து அழ வேண்டும். எரிந்து தீர்ந்த பிறகும்.

ஜோயல் வால்ட்ஃபோகல் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1993-லேயே இந்தக் கூத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டார். மாணவர்களிடம் விசாரித்துப் பார்த்ததில், பரிசின் விலையில் 10 சதவீதத்தில் தொடங்கி மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறதாம். வாங்கிக்கொண்டவர் மனதில் அது அவ்வளவு பெறாது. பாவம், அவர் அந்தக் கோப்பையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சதவீதத்தை ஏற்றியிருப்பார்.

அதற்கும் முன்னால், 1912-ல், நியூயார்க்கில் வீண் பரிசுகளைத் தடுக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மேலதிகாரிக்குப் பரிசு வாங்கச் சொல்லி, வேலைக்குப் போகும் பெண்களின் சொற்பச் சம்பளத்தில் வசூல் நடந்ததாம். தொடங்கிய இருவரில் ஒருவர் ஆன் மார்கன், வங்கி முதலாளி ஜே.பி. மார்கனின் மகள்! முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதில் சேர்ந்தார். அவ்வளவு பெரிய ஆட்கள் இறங்கியும் முடியவில்லை. நான் ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பினேன்.

இதில் வருஷா வருஷம் ஆலோசனை வேறு. பட்ஜெட் போடுங்கள், பட்டியல் எழுதுங்கள், ஆறு மாதம் முன்பே வாங்கி வையுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். எல்லாம் செய்தாயிற்று சாமி! குடும்பத்தில் யாருக்குக் கை நிற்காதோ அவர்தான் மொத்தக் குடும்பத்துக்கும் பட்ஜெட் போடுகிறார். அவரைத் தடுக்க என்ன வழி என்று ஒருவராவது எழுதுகிறாரா? “வேண்டாம்” என்று சொன்னால் கஞ்சம். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் அதைவிடக் கஞ்சம். பதிலுக்கு வாங்கினால், அடுத்த வருஷம் அவர் இன்னும் பெரிய பையோடு வருவார். தாராள மனசு என்கிறார்கள் இதை. எனக்கு இது மிரட்டல் மாதிரித்தான் தெரிகிறது.

அந்தப் பெரிய பெட்டிக்குள் என்ன என்று கேட்கிறீர்களா? மின்சார டிரம். ஒலியைக் குறைக்கும் பட்டன் இல்லாத டிரம். பையனுக்கு. அவன் பெயர் சீட்டில் அண்ணிக்கு வரவே இல்லை.

அப்புறம் நள்ளிரவில் தரையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியைச் சுற்றும்போது செலோடேப்பின் முனை கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கடைசியில் கிடைத்தது, இழுத்தால் நீளவாக்கில் பாதியாகக் கிழிந்து வருகிறது. வீட்டுக்காரர் பல்லால் கடித்துப் பார்த்தார். உதட்டில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். ஆனாலும் கேட்கிறேன், முனை இங்கே இருக்கிறது என்று ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் இந்த டேப் கம்பெனிக்காரர்களுக்குக் குடியா முழுகிவிடும்?