மெஷினைத் தொடாதே

போன வாரம் என் மகன் தைத்த மஞ்சப்பையைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அவனுக்கு ஒன்பது வயது. பையின் ஒரு பக்கத் தையல் நேராகப் போயிருக்கும். மறுபக்கம் பாதி வழியில் எதையோ வேடிக்கை பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். கைப்பிடி ஒன்று குட்டை, இன்னொன்று நெட்டை. ஆனால் அதில் இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ தக்காளியும் போட்டு மார்க்கெட்டிலிருந்து நடந்தே வந்தோம். ஒரு தையல் பிரியவில்லை.

அரை மணி நேரத்தில் சித்தியிடமிருந்து போன். "ஏண்டி, ஆம்பளைப் பிள்ளைக்குப் போய் இதைச் சொல்லிக் கொடுக்கிற, வேற ஒண்ணும் கிடைக்கலையா?" அடுத்து அண்ணி. "ஊசி விரல்ல ஏறிட்டா என்ன பண்ணுவ?" இரண்டு பேருக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது அம்மா. அவள் கோபப்படவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு அது எதுக்குமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு ராஜபாளையம் பக்கம். தளவாய்புரம் நைட்டி தெரியாதவர்கள் தென்மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் அம்மா அந்த நைட்டிக் கட்டுகளைத்தான் வீட்டுக்கு வாங்கி வந்து தைத்தாள். டஜன் கணக்கில் கூலி. வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்து மடித்து மூட்டையாகப் போகும். நானும் அண்ணனும் பள்ளி விட்டு வந்ததும் அந்தக் குவியலின் நடுவே உட்கார்ந்து பிசிறு வெட்டுவோம். கழுத்தில், கையில், அடி மடிப்பில் தொங்கும் நூல் முனைகளை எல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கவேண்டும். ஒரு கட்டு முடிந்தால்தான் விளையாட்டு. பிசிறு வெட்டலாம், பட்டன் எண்ணிக் கொடுக்கலாம், கடைக்கு ஓடி நூல்கண்டு வாங்கி வரலாம். மெஷினை மட்டும் தொடக்கூடாது. ஒருநாள் அம்மா குளிக்கப் போன நேரத்தில் ஏறி உட்கார்ந்து மிதித்துவிட்டேன். பின்பக்கமாகச் சுற்றி, நூல் உள்ளே போய்ச் சிக்கி, அதை எடுக்க அம்மாவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகில் விழுந்த அடியை விட அவள் சொன்னதுதான் நினைவிருக்கிறது. "நீ இதுல உட்காரக் கூடாதுன்னுதானே நான் உட்கார்ந்திருக்கேன்."

அம்மாவின் கேள்வி அங்கிருந்து வருகிறது. நம் ஊரில் தையல் மெஷினைப் பற்றிப் பேச்சு எப்போது வரும் என்று கவனித்திருக்கிறீர்களா? புருஷன் செத்துப்போன வீட்டில் வரும். விட்டுவிட்டுப் போன வீட்டில் வரும். "ஒரு மெஷினை வாங்கிப் போட்டால் பிழைத்துக்கொள்வாள்." சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கும் அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் ஆதரவில்லாத பெண்களை நினைத்துப் போட்டதுதான். நல்ல திட்டம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்படியே பார்த்துப் பார்த்து மெஷின் என்றாலே வீட்டுக்கு வந்த கஷ்டம் என்று ஆக்கிவைத்துவிட்டோம். அதனால் வசதி வந்ததும் முதலில் மூலைக்குப் போவது அதுதான். மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, டிவி ரிமோட்டும் கரண்ட் பில்லும் வைக்கிற மேஜையாக்கிவிடுகிறோம்.

நான் தையல் கற்றதே 2020 ஊரடங்கில், முப்பத்தாறு வயதில். மாஸ்க் கிடைக்காத அந்த நாட்களில் அம்மாவே வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தாள். நேராக ஒரு தையல் போட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. என் மகனுக்கு ஆறு நாள். இது அவன் கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்குப் பயம் இல்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கால் மெஷினின் சக்கரத்துக்கு நடுவில் ஒரு திருகு இருக்கும். கீழ் நூலைச் சுற்றி வைக்கும் சின்ன உருளையான பாபினில் நூல் சுற்றும்போது அதைத் தளர்த்துவோம். தளர்த்திவிட்டால் சக்கரம் மட்டும்தான் சுற்றும், ஊசி அசையாது. முதல் நாள் அதைத் தளர்த்திவிட்டு, ஊசியையும் கழற்றிவிட்டு, "மிதி" என்றேன். பார்க்க லேசாகத் தெரியும். குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அழுந்தவேண்டும், இரண்டும் சேர்ந்து அழுந்தினால் பலகை அப்படியே நின்றுவிடும். சக்கரத்தின் மேல்பக்கம் நம்மைப் பார்த்து வரவேண்டும். எதிர்த்திசையில் போனால் நான் சின்ன வயதில் வாங்கிய அடிதான். அதனால் முதலில் கையால் சக்கரத்தை நம் பக்கம் ஒரு இழுப்பு, அப்புறம் கால். இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் நான் கை தட்டினால் ஓடவேண்டும், மறுபடி தட்டினால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும் என்று விளையாடினோம். நிறுத்தப் பழகிய பிறகுதான் ஊசி.

ஊசி வந்தபிறகும் நூல் கிடையாது, துணி கிடையாது. அவனுடைய பழைய நாலு கோடு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னேன். தாளில் ஓட்டினால் ஊசி மழுங்கும், ஆகவே கழித்துப்போட்ட ஊசியாக இருக்கட்டும். ஓட்டி முடித்துத் தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை வரிசையாக வெளிச்சம் வரும். எங்கே கோட்டை விட்டு விலகினான் என்று நான் சொல்லவே வேண்டாம், அவனே பார்த்துக்கொள்வான். நேர்கோடு வந்ததும் மூலை. ஊசி தாளுக்குள் இறங்கி நிற்கும்போதே, தாளை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, ஃபுட்டை இறக்கவேண்டும். அதற்கப்புறம் ஜாங்கிரி வரைந்து கொடுத்தேன். ஜாங்கிரியில் மட்டும் ஏழு தாள் போனது.

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளுக்குக் கால் எட்டவில்லை. அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த கை மெஷினை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டோம். எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு இதை மிஞ்சிய மெஷின் இல்லை என்பேன். ஒரு கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஊசிப்பக்கம் போவது ஒரு கைதான். அவள் சுற்றுகிற வேகம்தான் மெஷினின் வேகம். மோட்டார் வைத்த மெஷின் அப்படியல்ல, பயத்தில் காலை அழுத்தினால் பறக்கும். பன்னிரண்டு வயது வரைக்கும் என் வீட்டில் மோட்டார் கிடையாது. அப்புறம் அந்தப் பேட்டரி போட்ட பிளாஸ்டிக் பொம்மை மெஷின்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பலவற்றில் விழுவது சங்கிலித் தையல், ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுக்க உருவிக்கொண்டு வரும். மெஷின் மட்டம் என்பது பிள்ளைக்குத் தெரியாது, தனக்கு வரவில்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

ஊசி விரலில் ஏறவில்லையா? இதுவரை இல்லை. ஊசி உடைந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து துணியை இழுத்தான். ஊசி வளைந்து தகட்டில் மோதிப் படக்கென்று ஒடிந்து, முனை எங்கோ தெறித்துப் போனது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். அதே சட்டத்தை வீட்டிலும் போட்டேன். பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தை எடுத்துத் தரை முழுக்கத் தேய்த்து, கடைசியில் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. அதற்கப்புறம் ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சக்கரத்தை மெல்லத் திருப்பினால் அது மேலே வந்து, துணியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கீழே இறங்கி, திரும்பவும் பழைய இடத்துக்கு வரும். "அதுவே தள்ளுதா? அப்ப நான் எதுக்கு?" என்றான். நீ வழி காட்டினால் போதும் என்றேன். அன்றிலிருந்து துணியை இழுப்பதில்லை.

இன்னொரு நாள் கேட்டான், "கை ஊசிக்குத் தலையில ஓட்டை, இதுக்கு ஏன் முனையில ஓட்டை?" நான் எத்தனையோ வருஷம் பார்த்தும் எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை. பாபின் பக்கத் தகட்டை நகர்த்திவிட்டு, சக்கரத்தைக் கையால் நூல் நூலாகத் திருப்பினோம். ஊசி நூலோடு கீழே இறங்குகிறது. மேலே ஏறத் தொடங்கும்போது முனையருகே நூல் சின்ன வளையமாகத் தளர்கிறது. அந்த நொடியில், பாபினைத் தாங்கும் ஷட்டிலின் கூர்மூக்கு அதைக் கொத்தி, பாபினைச் சுற்றி அப்புறம் கொண்டுபோய் விடுகிறது. மேல் நூல் கீழ் நூலைக் கட்டிப்பிடித்தாயிற்று, ஒரு தையல். ஓட்டை தலையில் இருந்திருந்தால் ஊசி மொத்தமும் துணிக்குள் போய்த் திரும்பவேண்டியிருக்கும். அமெரிக்கரான எலியாஸ் ஹோ 1846-இல் காப்புரிமை வாங்கிய மெஷினில் இந்த இரண்டும், முனையில் கண் வைத்த ஊசியும் துணிக்கு மறுபக்கம் ஓடும் ஷட்டிலும், இருந்தன. சிங்கர் வந்தது அதற்குப் பிறகு, 1851-இல். ஹோ வழக்குப் போட்டு சிங்கரிடம் பணமும் வாங்கினார். அறிவியல் பாடத்தில் இயந்திரம் என்றால் நெம்புகோல், கப்பி என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள். மிதிபலகை, கம்பி, பெல்ட், சக்கரம், பல், ஷட்டில் என்று எல்லாமே வீட்டு மூலையில் துணி போர்த்தி நிற்கிறது.

இயந்திரங்களைக் கண்டித்த காந்தியே தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். 1924-இல் அவரிடம் "எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா?" என்று கேட்ட சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன்தான் பின்னாளில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். மனைவி தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பால் சிங்கர் இதைச் செய்தார் என்று காந்தி சொன்னார். சிங்கரின் நிஜக் கதை அவ்வளவு உருக்கமானதல்ல. பல குடும்பங்கள், இருபதுக்கும் மேல் பிள்ளைகள். எந்த மனைவியைப் பார்த்து மனம் இளகினாரோ!

சரி, இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. கட்டுக் கட்டாகப் பிசிறு வெட்டியவள் நான். அந்த விலக்கு ஒரு வீட்டுக்குள் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். ஆகவே என் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறேன். அவன் தைப்பது அவன் இஷ்டம், நான் எதையும் கேட்கக்கூடாது. போன மாதம் நானே அதை மீறினேன். "தலையணை உறை பத்து இருக்கு, ஓரம் மட்டும் அடிச்சுக் குடுடா" என்றேன். மூன்றாவது உறையோடு தெருவுக்குக் கிரிக்கெட் ஆடப் போனவன் நான்கு நாள் மெஷின் பக்கமே வரவில்லை. தப்பு என்னுடையது. மீதி ஏழையும் நான்தான் அடித்தேன்.

சித்திக்குச் சொன்ன பதில் இதுதான். கடைத்தெருவுக்குப் போய்ப் பார், எத்தனை டெய்லர் கடையில் பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள்? சட்டை, பேண்ட் தைக்கிறவர் எல்லாம் ஆம்பளை. காசு வரும் இடத்தில் அது ஆண் வேலை, வீட்டுக்குள் வந்தால் பெண் வேலை. நான் படித்த பள்ளியில் தையல் வகுப்பு இருந்தது. மணி அடித்ததும் பெண்கள் கைக்குட்டையில் ஓரம் மடிப்போம், பையன்கள் கிரவுண்டுக்குப் போவார்கள். எனக்கும் கிரவுண்டுக்குப் போக ஆசை இருந்தது. அவர்களில் யாருக்காவது உள்ளே வர ஆசை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடும் செய்தியைத்தான் அதற்கப்புறம் அடிக்கடி பார்க்கிறோம். ஒரு பள்ளிக்கு நான்கு கால் மெஷின், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு பிரிவேளை, அதற்கு நிரந்தர ஆசிரியர் ஒருவர். நான் கேட்பது இவ்வளவுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போடும் சீருடையே மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் தைப்பதுதான். தன் சட்டைக் காலர் எப்படித் திரும்பி நிற்கிறது என்று அதைப் போட்டிருக்கும் பிள்ளைக்கும் ஒருநாள் காட்டலாமே.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். பையை உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி அடித்திருந்தான், அதை விரலால் இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெஷின் டிராயரைத் திறந்து சின்னக் கத்தரியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "பிசிறை யாருடா வெட்டுறது, உங்கப்பனா?" என்றாள்.

இப்போது அவனுக்குப் பென்சில் பவுச்சில் ஜிப் வைக்கவேண்டுமாம். எனக்கு ஜிப் வைக்கத் தெரியாது. "அம்மாச்சிக்குத் தெரியும்" என்றேன். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், வரும்போது ஜிப் ஃபுட் எடுத்து வருகிறாளாம்.