ஐஐடியில் பொறியியல் மட்டும்தானா?

"ஐஐடி என்றால் பொறியியல் மட்டும்தான், கலை, சமூக அறிவியல் படித்தவர்களுக்கு அங்கே ஆராய்ச்சி செய்ய வழியே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது உண்மையல்ல. முதுகலையோடு நிறுத்திவிட நினைக்கும் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

சட்டைப்பையில் இருக்கும் புதிய நாணயம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள ₹ குறியை வடிவமைத்தவர் த. உதயகுமார். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, ஐஐடி பம்பாயின் வடிவமைப்பு மையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். எதைப் பற்றி? தமிழ் அச்செழுத்துகளைப் பற்றி! இந்தி எழுதப் பயன்படும் தேவநாகரி 'ர'வும், நெடுங்கோடு நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் அந்தக் குறியில் ஒன்றாகின்றன. மேலே இரண்டு இணைகோடுகள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றது. அப்புறம் அவர் ஐஐடி குவாஹாட்டியின் வடிவமைப்புத் துறையில் ஆசிரியரானார். எழுத்தின் வளைவையும் இடைவெளியையும் ஆராய்வதும் ஆராய்ச்சிதான், அதற்கும் ஐஐடியில் இடம் உண்டு.

பம்பாயின் அந்த மையம் 1969லேயே தொடங்கப்பட்டது.

சரி, சமூக அறிவியல்? ஐஐடி மெட்ராஸில் மொழி, இலக்கியம் போன்ற மானுடப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் என்றே தனித்துறை இருக்கிறது. பொருளியல், ஆங்கில இலக்கியம், வளர்ச்சி ஆய்வுகள் எல்லாவற்றிலும் அங்கே முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது. எம்.ஏ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், பி.டெக். கட்டாயமில்லை. தகுதி விவரங்களை அந்தந்த ஐஐடியின் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள்.