மாங்கனீசு கூடினால் நியூக்ளியோடைடும் கூடுமா?

நொதிப்பு ஊடகத்தில் (நுண்ணுயிர் வளரும் கரைசலில்) மாங்கனீசு எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு நியூக்ளியோடைடு (டி.என்.ஏ. போன்றவற்றின் அடிப்படை அலகு வகை) கிடைக்கும் என்று ஒரு கருத்து இருக்கிறது. இனோசினிக் அமிலம் என்ற நியூக்ளியோடைடைத் தரும் கோரினிபாக்டீரியம் அம்மோனியாஜெனஸ் என்ற பாக்டீரியா விஷயத்தில் நிலைமை நேர்மாறு. மாங்கனீசு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், பற்றாக்குறையாக இருக்கும்போதுதான் இனோசினிக் அமிலம் செல்லுக்கு வெளியே நன்றாகச் சேரும். டி.என்.ஏ. கட்டுமானப் பொருளைத் தயாரிக்கும் நொதிக்கு மாங்கனீசு தேவை. அது குறைந்தால் செல் பிரியாமல் நீண்டு வீங்கும், சவ்வின் ஊடுருவு தன்மையும் மாறும். மாங்கனீசு தாராளமாக இருந்தால் செல் நன்றாக வளரும், ஆனால் ஹைப்போசாந்தின்தான் (இனோசினிக் அமிலத்தில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் இல்லாத காரப் பகுதி) மிஞ்சும். (மாங்கனீசைப் பொருட்படுத்தாத திடீர்மாற்ற வகைகளும் உண்டு, அது தனிக்கதை.)

சரிபார்க்க இரண்டு குடுவை போதும்: மாங்கனீசு அளவு மட்டும் வேறு, மற்றதெல்லாம் ஒன்று. நுண்ணோக்கியிலேயே செல் வடிவ வித்தியாசம் தெரியும். அப்புறம், புற ஊதா அளவீட்டை மட்டும் நம்ப வேண்டாம். இனோசினிக் அமிலம், ஹைப்போசாந்தின் இரண்டுமே 250 நானோமீட்டரை ஒட்டியே ஒளியை உறிஞ்சும். எச்.பி.எல்.சி.யில் (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை) பிரித்துப் பாருங்கள்.