தடைசெய்யப்பட்டது எந்தக் காதல்?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குறுக்கே எழுந்தது முறையல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணை மாளிகையில் நிகழும் அந்தப் பேய்க்கதை நாவலை அறிமுகம் செய்ய வந்தவர், எசமானுக்கும் அவன் ஏலத்தில் எடுத்த பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இடையே நடப்பதை ‘நிறம் கடந்த, தடைசெய்யப்பட்ட காதல்’ என்று மூன்று முறை உருகிச் சொன்ன பிறகு, நான்காவது முறைக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை.

யார் தடைசெய்தார்கள்? அன்று நான் கேட்டது இது ஒன்றுதான். வர்ஜீனியாவில் 1662-ஆம் ஆண்டிலேயே, பிறக்கும் பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் எழுதிவிட்டார்கள். எசமானால் அடிமைப் பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தையும் அவனுடைய சொத்துக் கணக்கிலேயே சேரும். வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்துகொள்வதற்குத் தடை இருந்தது, உண்மைதான்; நாடு முழுவதும் அது செல்லாததாக 1967 வரை ஆயிற்று. ஆனால் எசமான் இரவில் குடிசைப் பக்கம் போவதை எந்தச் சட்டமும் நடைமுறையில் தடுக்கவில்லை. அதை அவனுக்கு லாபமாக்கியும் கொடுத்தது.

தடை இருந்த இடம் வேறு. அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861-இல் வெளியிட்ட தன்வரலாற்றைப் படித்தால் அது தெரியும். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில் அவர் விரும்பியது ஒரு தச்சரை. கறுப்பினத்தவர், யாருக்கும் அடிமையில்லாதவர், பணம் கொடுத்து ஹாரியட்டை மீட்டு மணந்துகொள்ளவும் ஆயத்தமாக இருந்தவர். விஷயம் தெரிந்ததும் எசமான் ஹாரியட்டை அறைந்தான். கணவன் வேண்டுமென்றால் என் அடிமைகளில் ஒருவனைப் பார்த்துக்கொள் என்றான். தடைசெய்யப்பட்ட காதல் இது! அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது. சில இடங்களில் ‘சாவு பிரிக்கும்வரை’ என்பதோடு ‘தொலைவு பிரிக்கும்வரை’ என்றும் சேர்த்து உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். நாளைக்கே ஒருவரை விற்க நேர்ந்தால் எசமானுக்கு மனச்சாட்சி உறுத்தக்கூடாது பாருங்கள்.

எசமானுக்குத் தப்பி ஹாரியட் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒளிந்திருந்தார். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயரமான இடத்தில் மூன்றடி. இந்த எண்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தும் அவை எனக்கு உறைத்ததில்லை. ஒருநாள் கூடத்தில் சுண்ணக்கட்டியால் ஒன்பதுக்கு ஏழு கோடு கிழித்து, நடுவே இருந்த சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மேசையின் உயரம் இரண்டரை அடி. புரண்டு படுக்கும்போதெல்லாம் தோள் பலகையில் இடித்தது. இருபதாவது நிமிடத்தில் என் மகள் குனிந்து, “அம்மா, என்ன தேடுற?” என்று கேட்டாள். எழுந்துவிட்டேன், எனக்கு எழ முடிந்தது. ஹாரியட் பலகையில் துளையிட்டு, அதன் வழியே தெருவில் விளையாடும் தம் பிள்ளைகளைப் பார்ப்பார். துளை போட்டதும் முதன்முதலில் கண்ணில் பட்டவன் அந்த எசமான். இதைவிடப் பெரிய பேய் எந்த மாளிகையில் இருக்கிறது?

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜெஃபர்சனும் அவருடைய அடிமை சாலி ஹெமிங்ஸும் காதலர்கள் இல்லையா என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். 1787-இல், ஜெஃபர்சன் தூதராக இருந்த பாரிஸுக்கு வந்தபோது சாலிக்கு 14 வயது, ஜெஃபர்சனுக்கு 44. ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்குத் தகப்பன் வழியில் தங்கை முறை, ஆனாலும் அடிமை. பிரான்சிலேயே விடுதலை கேட்டிருக்கலாம் என்ற நிலையில், பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார் என்று சாலியின் மகன் மாடிசன் பின்னாளில் சொன்னார். பாசம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் சாலி எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவர் சார்பில் ‘காதலித்தேன்’ என்று கையெழுத்துப் போட நாம் யார்?

‘கதைதானே, கற்பனைக்கு வேலி போடலாமா’ என்பவர்களுக்கு: போட வேண்டாம். எழுதுங்கள், எரியும் மாளிகையும் நிலவொளியும் தாராளமாக இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே இல்லாதவளின் மௌனத்தைச் சம்மதம் என்று மட்டும் எனக்கு விளக்க வராதீர்கள்.

‘அக்காவுக்கு எதையும் ரசிக்கத் தெரியாது’ என்று குழுவில் எழுதி, சிரிப்புப் பொம்மையும் போட்டவரை எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும். ஹாரியட்டின் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப்போனவரும் அவரேதான். இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை போலும். அடுத்த கூட்டம் என் வீட்டில் என்று முன்பே முடிவானது. அதை நான் மாற்றவில்லை. எல்லோரும் வாருங்கள். மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது, சுண்ணக்கட்டிக் கோடுகளையும் இன்னும் அழிக்கவில்லை.