பெயரின் வேர் 1936-இல் இருக்கிறது

ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி இசைக்கு, அதாவது அமெரிக்க கன்ட்ரி இசையையும் ராக்கையும் கலந்த பாணிக்கு, 'நோ டிப்ரஷன்' என்ற பெயர் 1995-இல் தொடங்கிய அதே பெயருடைய பத்திரிகையால் வந்தது என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. பத்திரிகை அதைப் பரப்பியது, அவ்வளவுதான். இல்லினாய் மாநிலத்துப் பெல்வில் ஊர்ப் பையன்களான அங்கிள் டுபெலோ இசைக்குழுவினர் 1990-லேயே தங்கள் முதல் ஆல்பத்துக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். அவர்களும் கடன் வாங்கியவர்கள்தான். 'டிப்ரஷன்' எனப்படும் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1936-இல், கார்ட்டர் குடும்பம் என்ற அமெரிக்க கன்ட்ரி இசைக்குழு பதிவுசெய்த பக்திப் பாட்டு அது; அந்தக் கஷ்டமே இல்லாத சொர்க்கத்துக்குப் போகிறேன் என்கிறது. ஆல்பத்தின் பல பாட்டுகளில் முரட்டு பங்க் ராக் கிதார் இரைய, இதைக் குழுவின் பாடகர் ஜே ஃபாரர் மின்சாரமில்லாத அக்கூஸ்டிக் கிதாரோடு பாடுவதைக் கேளுங்கள், உடம்பு சிலிர்க்கும். கார்ட்டர் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியாவது கட்டுரையில் சேருங்கள், ஐயா.