நிஜ யானை வந்தால் நேர்த்தி, மெஷின் யானை வந்தால் மட்டமா?

தீம் ரெஸ்டாரண்ட் என்று சொன்னாலே முகம் சுளிக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் மரம், பொம்மைக் குரங்கு, அடிக்கொரு தரம் செயற்கை இடி மின்னல், சாப்பாடு சுமார், இதெல்லாம் குழந்தைகளுக்கும் ஊர் சுற்ற வந்தவர்களுக்கும்தான், பெருநகரத்து இரவு என்றால் அந்தக் காலத்து ஹோட்டல் பால்ரூம்தான் (ஜோடி ஜோடியாக ஆடுகிற பெரிய நடனக் கூடம்), சரவிளக்கு, கோட்டு சூட்டு, நேரடி இசைக்குழு, அடடா அதுவல்லவா நேர்த்தி என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதே இல்லை.

1905, லண்டன் சவாய் ஹோட்டல். ஜார்ஜ் கெஸ்லர் என்ற அமெரிக்க ஷாம்பெயின் வியாபாரி ஒரு விருந்து கொடுத்தார். ஹோட்டல் முற்றத்தில் தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் வெனிஸ் நகரத்தை வரைந்து வைத்து, நடுவில் கோண்டோலா என்கிற வெனிஸ் படகு ஒன்றைப் பிரம்மாண்டமாகச் செய்து, அதில் விருந்தாளிகளை உட்கார வைத்தார்கள். கேக்கைச் சுமந்து வந்தது ஒரு யானைக்குட்டி. பாடியது பெரிய ஆபரா பாடகர் கரூசோ. நூறு வருஷத்துக்கும் மேலாகியும் இதை வாய் பிளந்து சொல்கிறோம். 1994ல் அமெரிக்காவின் மால் ஆஃப் அமெரிக்காவில் ரெயின்ஃபாரஸ்ட் கஃபே என்ற காட்டுத் தீம் ரெஸ்டாரண்ட் திறந்து, அங்கே ஒரு மெஷின் யானை காதை ஆட்டிப் பிளிறினால் மட்டும் ரசனை கெட்டுவிட்டது என்கிறோம். முதல் யானையைப் பார்க்கக் கெஸ்லரின் அழைப்பு வேண்டும், இரண்டாவது யானையைப் பார்க்க ஒரு தட்டு சிப்ஸ் வாங்கினால் போதும். நேர்த்தி என்கிற பேச்சில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இது மால் வந்த பிறகு முளைத்த வியாதியும் இல்லை. 1890களில் பாரிஸ் மோன்மார்த்தரில் காபரே து நேயான் என்று ஒரு இடம். மேசைக்குப் பதில் சவப்பெட்டி, பரிமாறுகிறவர்கள் பிணம் தூக்குகிறவர்கள் மாதிரி உடை, குடிக்கிற பானங்களுக்கு நோய்களின் பெயர். அதே வட்டாரத்தில் நரகம் என்ற பெயரில் ஒரு விடுதி, பிசாசின் வாய்க்குள் நுழைந்துதான் உள்ளே போகவேண்டும். பக்கத்து வாசல் சொர்க்கம். 1933ல் ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர் என்ற பாரைத் திறந்த எர்னஸ்ட் கான்ட், கூரையின் மேல் குழாயால் தண்ணீர் அடிப்பாராம், மழை பெய்கிறது என்று நினைத்து வாடிக்கையாளர் இன்னொரு கோப்பை சொல்லட்டும் என்று. கில்லாடி மனிதர்.

ஆகவே அலங்காரத்தில் எனக்குச் சண்டை இல்லை. என் குறை வேறு. பால்ரூமில் வந்தவர்களே காட்சி. தீம் ரெஸ்டாரண்டில் சுவர்தான் காட்சி, வந்தவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

நான் சொல்கிற பால்ரூம் சரவிளக்கு தொங்குகிற இடமும் இல்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் 1926ல் திறந்த சவாய் பால்ரூமைச் சொல்கிறேன் (லண்டன் ஹோட்டலோடு பெயர் மட்டும்தான் ஒற்றுமை). ஒரு தெரு நீளத்துக்கு ஹால். இரண்டு மேடைகள், ஒரு பேண்டு முடித்தால் அடுத்தது தொடங்கிவிடும், இசைக்கு இடைவெளியே கிடையாது. மரத்தளம் கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்து, சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். லிண்டி ஹாப் என்கிற ஜோடி நடனம் வளர்ந்தது அங்கேதான்.

அதே ஹார்லெமில் அதே காலத்தில் காட்டன் கிளப்பும் இருந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வரைக்கும். கீழே மேசைகளில் வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். அலங்காரம் என்ன தெரியுமா? அமெரிக்கத் தென்மாநிலத்து அடிமைத் தோட்டம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு தீம் ரெஸ்டாரண்ட்தான், படுகேவலமான தீம். அதனால் ஒரு இடத்தை எடைபோட வேண்டுமென்றால் நான் சுவரைப் பார்ப்பதில்லை. வாசலில் யாரைத் தடுக்கிறார்கள், உள்ளே யார் ஆடுகிறார்கள், யார் சும்மா பார்க்கிறார்கள், இதைத்தான் பார்ப்பேன்.

சரி, ஆடுகிற தளம் ஏன் சுருங்கிப் போனது? ரசனை மாறிவிட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். சவாய் பால்ரூம் திறந்த அதே 1926ல்தான் நியூயார்க் நகரம் காபரே சட்டம் கொண்டுவந்தது. உணவோ பானமோ விற்கிற இடத்தில் ஜனங்கள் ஆட வேண்டுமென்றால் தனி லைசென்ஸ். அப்புறம் அங்கே வாசிக்கிற கலைஞர்களுக்கும் போலீஸ் தரும் அட்டை வேண்டும் என்றார்கள். அந்த அட்டையைப் பறிகொடுத்து ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் 1950களில் வருஷக்கணக்காக நகரத்து கிளப்புகளில் வாசிக்க முடியாமல் கிடந்தார். அட்டை முறை 1967ல் போனது, ஆட லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 2017 வரை இருந்தது! ஜப்பானில் 1948 சட்டப்படி நள்ளிரவுக்குப் பிறகு கிளப்பில் ஆட்டம் கூடாது. 2015ல் திருத்தினார்கள், அதிலும் ஒரு நிபந்தனை, வெளிச்சம் பத்து லக்ஸுக்கு மேல் இருக்கவேண்டும், படம் போடுவதற்கு முன் தியேட்டரில் இருக்கிற மாதிரி. அந்த வெளிச்சத்தில் கூச்சப்படாமல் ஆடுகிறவர்களுக்கு என் வணக்கம். பொம்மைக் குரங்கு நெஞ்சில் அடித்துக்கொள்வதற்குத் தனி லைசென்ஸ் கேட்ட நகரம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. ஆடுகிறவன் மேசையை விட்டு எழுந்துவிடுகிறான், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரவு முழுக்க ஓட்டுகிறான். உட்கார்ந்து பார்க்கிறவன் சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுவான், அந்த மேசைக்கு அடுத்த குடும்பம் வரும், போகிற வழியில் டி-ஷர்ட் கடை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நடிகரின் சட்டையை எத்தனை தரம்தான் பார்ப்பது? 1991ல் நட்சத்திரங்கள் புடைசூழத் தொடங்கிய சினிமா தீம் ரெஸ்டாரண்ட் கம்பெனி பிளானட் ஹாலிவுட் 1999ல் திவால் மனு கொடுத்தது. நடனத் தளத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு ராத்திரியும் ஆட்கள் வேறு.

ஹோட்டல்காரர்களும் ஒழுங்கில்லை. பால்ரூம் என்று பலகை மாட்டியிருப்பார்கள், உள்ளே போனால் தரை முழுக்கக் கார்ப்பெட், நடுவில் நகர்த்துகிற தடுப்புச் சுவர், காலையில் கம்பெனி மீட்டிங், மாலையில் கல்யாண வரவேற்பு. யாராவது ஆட வேண்டும் என்று கேட்டால், கோத்து மாட்டுகிற மரப்பலகைகளைக் கொண்டுவந்து ஒரு மூலையில் சதுரமாக விரிப்பார்கள். மிச்ச நாளெல்லாம் பூட்டு. வாரத்தில் கூட்டமில்லாத ஒரு நாள் அந்தப் பலகைகளைப் போட்டு, உடை விதியைத் தூக்கிவிட்டு, குறைந்த கட்டணத்தில் கதவைத் திறந்தால் என்ன கெட்டுப்போகும்? அக்கம்பக்கம் சத்தம் என்று புகார் வரும் என்பார்கள். கல்யாணத்துக்கு அடிக்கிற டிஜேவை எந்தப் பக்கத்து வீட்டில் ரசித்தார்களாம்?

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆட்டம் ஒரு மணிக்கு முடிந்தால் பாத்திரம் கழுவுகிறவரும் கோட்டு வாங்கி மாட்டுகிற பெண்ணும் எதில் வீட்டுக்குப் போவார்கள்? கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இரவு என்றால், பழைய கோட்டு சூட்டு விதியே தேவலாம், அதையாவது வாடகைக்கு எடுக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் இரவு மேயர் என்று ஒருவரை வைத்து இந்த மாதிரி விஷயங்களைப் பேசுகிறார்கள், நல்லதுதான். லண்டனில் சுரங்க ரயில் வந்தது 1863ல். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடத் தொடங்கியது 2016ல், அதுவும் சில தடங்களில் மட்டும்.